காரைக்குடிப் பக்கம் ரோஸ் சக்குலன்ட் வாங்கலாமா? போர்டு இல்லாத ஒரு நர்சரி பற்றி

ரோஜாப் பூ மாதிரி இலை அடுக்கி வளர்கிற, கொழுத்த இலையில் தண்ணீர் சேமிக்கிற சக்குலன்ட் செடிகளைப் பற்றிய பேச்சு இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதில் எச்சிவேரியா என்கிற வகையை வாங்க இந்த நர்சரிக்குப் போக வேண்டாம். ஹாவொர்த்தியா, கிராப்டோபெட்டலம் என்கிற வகைகளை வாங்கத் தாராளமாகப் போகலாம். அவசரத்தில் இருப்பவர்களுக்கு ரிவ்யூ இவ்வளவுதான். ஏன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு மீதி.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற ரோட்டில் இடது கைப் பக்கம் பச்சை வலை போட்ட கொட்டகை ஒன்று வரும், அதுதான் கடை. போர்டு கிடையாது, மேப்பில் தேடினாலும் வராது. பெயர் என்ன என்று கேட்டால் "நர்சரின்னு சொன்னா ஆட்டோக்காரங்களுக்குத் தெரியும்" என்கிறார்கள். முன்பக்கம் முழுக்கத் தென்னங்கன்றும் மாங்கன்றும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும்தான். அது கடைக்கார அண்ணனுடைய வியாபாரம். சக்குலன்ட் மேசை கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை அக்கா பார்த்துக்கொள்கிறார். அண்ணனிடம் சக்குலன்ட் பற்றி எதுவும் கேட்காதீர்கள். தென்னங்கன்றுக்குச் சொல்கிற "தினம் கொஞ்சம் தண்ணி விடுங்க" என்பதையே இதற்கும் சொல்வார். அக்கா வருகிற வரைக்கும் அங்கே கிடக்கிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது செடிக்கு நல்லது.

மேசையில் என்ன இருக்கிறது? நடுவிலிருந்து இலை சுற்றிச் சுற்றி அடுக்கி வளர்ந்து, பூவா இலையா என்று யோசிக்க வைக்கிற அந்த ஜாதிதான் பெரும்பாலும். சாம்பல் பூத்த நீலத்தில் எச்சிவேரியா, ஊதா கலந்த பெர்ல் வான் நியூரன்பெர்க் (ஜெர்மனியில் உருவான பழைய கலப்பினம், இங்கே 'பர்ப்பிள் ரோஸ்' என்று விற்கிறார்கள்), கிராப்டோபெட்டலம், வெள்ளை வரி போட்ட ஹாவொர்த்தியா, கண்ணாடி மாதிரி நுனி தெளிந்த இன்னொரு ஹாவொர்த்தியா, நாக்கு நாக்காக நீளும் காஸ்டீரியா, கைக்கடக்கமான சின்ன அகேவ். எல்லாவற்றுக்கும் சீட்டில் எழுதியிருப்பது ஒரே பெயர்: 'ரோஸ் சக்குலன்ட்'. ஆகவே எது எது என்று தெரிந்துகொண்டுதான் போக வேண்டும். வரி போட்ட ஹாவொர்த்தியாவைத் தாவரவியல் புத்தகத்தில் 2013 முதல் ஹாவொர்த்தியோப்சிஸ் என்று தனிப் பேரினமாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். தேவகோட்டை ரோட்டில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. விலை: கிராப்டோபெட்டலம் 60 ரூபாய், ஹாவொர்த்தியா 100, எச்சிவேரியா 150, அகேவ் 200. நகரத்து நர்சரியோடு ஒப்பிட்டால் எச்சிவேரியா விலை ஒன்றும் சல்லிசு இல்லை. மற்றவை நியாயம்.

அக்காவை ஏன் நம்புகிறேன் என்றால், ஒருநாள் நான் அங்கே நின்றுகொண்டிருந்தபோது கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி காரில் வந்து இறங்கினார். பேத்தி அனுப்பிய படத்தைப் போனில் காட்டி, "இது மாதிரி பத்து வேணும், வளவைச் சுத்தி வரிசையா வைக்கணும்" என்றார். வளவு என்றால் செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றின தாழ்வாரமும். படத்தில் இருந்தது எச்சிவேரியா. பத்து என்றால் 1500 ரூபாய் வியாபாரம், வேறு யாராக இருந்தாலும் அட்டைப்பெட்டியை எடுத்திருப்பார்கள். அக்கா கேட்டது, "ஆச்சி, உங்க வளவுல மேல கம்பி போட்டு ஷீட்டு அடிச்சிருக்கீகளா?"

"ஆமா, குரங்கு இறங்குதுன்னு அடிச்சது."

"அப்ப இது வேணாம் ஆச்சி. வெயில் பத்தாம கழுத்து நீட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் என்னையத்தான் வைவீக. இந்தா, இந்த வரி போட்டதை எடுத்துக்கங்க. நிழல்ல அதுபாட்டுக்கு இருக்கும். மொதல்ல ரெண்டு கொண்டுபோங்க, நல்லா வந்துச்சுன்னா வாங்க."

ஆச்சிக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. பேத்தி கேட்ட செடி வேறு. ஆனாலும் ஹாவொர்த்தியா இரண்டு வாங்கிக்கொண்டுதான் போனார். இந்த ஒரு பேச்சுக்கே நான் கடைக்குப் பாதி மார்க் போட்டுவிட்டேன்.

அக்கா சொன்னது செடியின் ஊரைத் தெரிந்த பேச்சு. ஹாவொர்த்தியா தென்னாப்பிரிக்காவில் புதரடியிலும் பாறை இடுக்கிலும் ஒதுங்கி வளர்கிற செடி, அரை வெளிச்சம் அதற்குப் பழக்கம். எச்சிவேரியா பெரும்பாலும் மெக்சிகோ மலைச்சரிவுகளில், பாறையிடுக்கில் வளர்வது. பகலில் நல்ல வெயில், ராத்திரி குளிர், தண்ணீர் நின்றாலும் நிமிடத்தில் வழிந்துவிடும் சரளை. இதில் நம்மால் கொடுக்க முடிவது வெயில் மட்டும்தான். சரளையைக்கூட ஒரு வழியாகக் கொடுத்துவிடலாம். ராத்திரிக் குளிருக்கு எங்கே போவது?

அந்த ராத்திரிக் குளிர்தான் விஷயமே. இந்த வகைச் செடிகள் பகலில் இலைத்துளையை மூடிக்கொள்ளும், தண்ணீர் ஆவியாகிவிடக் கூடாது என்பதற்காக. ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து கரியமில வாயுவை உள்ளே இழுத்து அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, மறுநாள் வெளிச்சத்தில் துளையைத் திறக்காமலே சமையலை முடித்துக்கொள்ளும். கத்திரி வெயில் சமயத்தில் நம் ஊரில் நடு ராத்திரியிலும் சுவர் சுடுகிறது. அப்போது எச்சிவேரியா ராத்திரியும் சரியாகத் திறக்காமல், பகலிலும் வேலை செய்ய முடியாமல், அப்படியே நின்றுவிடுகிறது. நின்றுபோன செடிக்கு நாம் பாவம் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறோம். குடிக்க ஆள் இல்லாத தண்ணீர் தேங்கிக் கிடந்து வேர் அழுகுகிறது. சித்திரை, வைகாசியில் சாகும் எச்சிவேரியாக்களில் பலவும் இப்படித்தான் சாகின்றன, வெயிலில் காய்ந்து அல்ல.

சரி, கடையின் குறைகளுக்கு வருவோம், அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

முதல் குறை மண். செடியைத் தொட்டியிலிருந்து தலைகீழாகத் தட்டி எடுத்துப் பாருங்கள், அக்கா ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்கு வந்த எச்சிவேரியாவில் மேலே அரை அங்குலம் காய்ந்து பொரபொரவென்று இருந்தது. அதற்குக் கீழே தென்னைநார்க் கழிவு கெட்டியான உருண்டையாக, கருப்பாக, பிழிந்தால் சொட்டுகிற ஈரத்தோடு. அந்த உருண்டைக்கு நடுவில் கறுப்பு வலைப்பை ஒன்று, நாற்றங்காலில் சின்னக் கன்றாக இருந்தபோது போட்டது, வேரை இறுக்கிப் பிடித்தபடி அப்படியே இருந்தது. வலைக்கு வெளியே வந்திருந்த வேர் நாலு நூல்தான். வலைக்குள் இருந்தது பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. அடித்தண்டை ஒரு விரல்கடை வெட்டியபோது நடுவில் மிளகளவு கறுப்புப் புள்ளி. மேலே பார்த்தால் செடி ஜம்மென்று இருக்கிறது, விற்பனைக்கு வைத்த நாளில் இருந்த அதே அழகு. இலையில் சேமித்த தண்ணீரை வைத்துக்கொண்டு இந்தச் செடிகள் வேரே இல்லாமல் வாரக்கணக்கில் நடிக்கும். அதனால் மேலே பார்த்து வாங்காதீர்கள், கீழே பார்த்து வாங்குங்கள். கறுப்புப் புள்ளி போய்த் தண்டு வெள்ளையாகத் தெரிகிறவரை வெட்டி, நிழலில் சில நாள் ஆற வைத்து, காய்ந்த மணலில் குத்தினேன். பிழைத்துவிட்டது. ஆனால் 150 ரூபாய் கொடுத்து வாங்கின செடிக்கு இந்த ஆபரேஷன் தேவையா?

அக்காவிடம் சொன்னேன். "மலையில இருந்து அப்பிடித்தான் வருது தம்பி, நாங்க பிரிச்சா விக்கிறதுக்கு முன்னாடி வாடிருது" என்றார். நேர்மையான பதில்தான், இருந்தாலும் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லலாம். கிராப்டோபெட்டலமும் ஹாவொர்த்தியாவும் அவரே பதியம் போட்டு வளர்ப்பதால் அந்தத் தொட்டிகளில் இந்த வலைச் சிக்கல் இல்லை.

இரண்டாவது குறை ஹோஸ். கடைப் பையன் தென்னங்கன்றுக்கு அடித்த கையோடு ஹோஸைத் திருப்பி சக்குலன்ட் மேசை மேலேயும் ஒரு வீச்சு வீசுகிறான். அடுக்கு இலையின் நடுக்குழியில் தண்ணீர் தங்குகிறது. காற்று ஓடாத கொட்டகையில், சூட்டில், அந்தத் தண்ணீர் குருத்தை அழுகவைக்கும். அதோடு எச்சிவேரியா இலை மேல் விபூதி தடவின மாதிரி ஒரு மாவுப் படலம் இருக்குமே, அது அழுக்கு இல்லை, செடியே போட்டுக்கொள்ளும் மெழுகுப் பூச்சு, வெயிலுக்கான காப்பு. ஒருமுறை அழிந்தால் அந்த இலையில் சரியாகத் திரும்பி வராது. மேசையில் இருக்கிற பாதிச் செடியில் விரல் ரேகை தெரிகிறது. நீங்களும் தொட்டுப் பார்க்காதீர்கள், தொட்டியைப் பிடித்துத் தூக்குங்கள்.

மூன்றாவது, அலங்காரத் தொட்டி என்று ஓட்டை இல்லாத கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று செடி நட்டு, மேலே கலர் கல்லைப் பசை போட்டு ஒட்டி 450 ரூபாய்க்கு வைத்திருக்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பரிசாகக் கொடுக்க வாங்குகிறார்களாம். வாங்காதீர்கள். ஒட்டின கல் தண்ணீரையும் இறங்க விடாது, மண்ணையும் காய விடாது. அடியில் கூழாங்கல் போட்டிருக்கிறோம், தண்ணீர் வடிந்துவிடும் என்று அண்ணன் சொன்னார். வடியாது. பொடிமண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால், மேல் மண் முழுக்க ஊறித் தளும்பின பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும். ஈரம் வேர்ப் பக்கமே தங்கும். ஓட்டை இருக்கிற தொட்டியில் அடியிலிருந்து மேல்வரை ஒரே கலவை போடுவதுதான் சரி.

கலவை என்றதும் பெர்லைட், பியூமிஸ் என்று மண்ணில் கலக்கிற லேசான கல் வகைகளை ஆன்லைனில் தேட ஆரம்பித்துவிடாதீர்கள். நம் பக்கம் பூமியே செம்புறாங்கல். வீடு இடிக்கிற இடம் எங்கேயும் பழைய செங்கல் கிடக்கும். செங்கலையோ செம்புறாங்கல்லையோ உடைத்து, பொடியைச் சல்லடையில் சலித்து ஒதுக்கிவிட்டு, பயறளவு முதல் கொண்டைக்கடலை அளவு வரை உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது இரண்டு பங்கு, நன்றாக மக்கின தொழுஉரமும் செம்மண்ணும் கலந்தது ஒரு பங்கு, கொஞ்சம் அடுப்புக்கரித் துண்டு. அவ்வளவுதான். சலிக்காமல் போட்டால் பிரயோஜனம் இல்லை, பொடி எல்லா இடுக்கையும் அடைத்துக்கொள்ளும். வெறும் செம்மண் போடவே கூடாது, காய்ந்தால் அது தளமாக இறுகிவிடும். ஆற்று மணல் கிடைத்தால் பருமணலாக இருக்கட்டும். எம் சாண்டில் தூசி அதிகம், கழுவித்தான் போட வேண்டும்.

தொட்டியில் கடைக்காரர்கள் பாஸ். மானாமதுரை மண் தொட்டி வைத்திருக்கிறார்கள், கடம் செய்கிற அதே ஊர்ச் சரக்கு, நாலு அங்குலம் 40 ரூபாய்தான். மெருகு போடாத மண் தொட்டி பக்கவாட்டிலேயே ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுவிடும், நம் ஊர் ஐப்பசி மழையில் இதுதான் செடியைக் காப்பாற்றும். பிளாஸ்டிக்கில் ஒரு வாரம் நிற்கிற ஈரம் இதில் இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரே தொல்லை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் நேரடியாக வைத்தால் வெள்ளையாக வட்டக்கறை விழுகிறது, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. அடியில் தட்டு வையுங்கள், தட்டில் தேங்குகிற தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய எனாமல் கிண்ணமும் பீங்கான் ஜாடியும் வாங்கி அதில் நடுவது இப்போது ஒரு ஃபேஷன். பார்க்க அழகுதான், நானும் இல்லை என்று சொல்லவில்லை. நேரடியாக நடாமல், சின்ன மண் தொட்டியோடு உள்ளே இறக்கி வைத்து, தண்ணீர் விடும்போது மட்டும் வெளியே எடுத்துக்கொண்டால் இரண்டும் கெடாது.

தண்ணீர் பற்றி கடையில் கொடுக்கும் அச்சடித்த சீட்டில் 'வாரம் ஒருமுறை' என்று போட்டிருக்கிறது. அந்தச் சீட்டைக் கிழித்துப் போடலாம். மார்கழி வாரமும் சித்திரை வாரமும் ஒன்றா? கீழ் அடுக்கு இலையை லேசாக அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் ஒன்றும் ஊற்ற வேண்டாம். வதங்கி, தோல் சுருங்கி, மடங்குகிற பதத்தில் இருந்தால் தண்ணீர் கேட்கிறது. மஞ்சளாகி, உள்ளே தெரிகிற மாதிரி கொழகொழவென்று இருந்தால் ஏற்கெனவே அதிகம் குடித்துவிட்டது, கையை எடுங்கள். ஊற்றும்போது அடியில் வழிகிற அளவுக்கு ஊற்ற வேண்டும், சொட்டுச் சொட்டாகத் தினமும் விடுவது அண்ணன் வழி. வெயில் காலத்தில் சாயங்காலம்தான்.

நடுக்குழியில் படாமல் ஊற்ற, நான் கண்டுபிடித்த நல்ல கருவி பாலாடை. பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற எவர்சில்வர் பாலாடை எல்லார் வீட்டிலும் ஒன்று சும்மா கிடக்கும்; அதன் மூக்கை இலைக்கு அடியில் விட்டுச் சாய்த்தால் தண்ணீர் மண்ணில் மட்டும் இறங்குகிறது. ஆன்லைனில் வளைந்த மூக்கு பாட்டில் 200 ரூபாய்க்கு விற்கிறார்கள், தேவையே இல்லை. போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் இருக்கிற வீடுகளில் இலை மேல் வெள்ளைத் திட்டு விழும், தொட்டி விளிம்பிலும் படியும். பழைய வீடுகளில் மழை பெய்தால் நாலு பக்க ஓட்டுத் தண்ணீரும் முற்றத்தில் வந்து விழுமே, முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததை அண்டாவில் பிடித்து மூடி வைத்தால் பல மாதத்துக்கு வரும், இந்தச் செடிகள் குடிப்பதே அவ்வளவுதான்.

எங்கே வைப்பது என்பதில் நம் வீடுகளுக்கென்று சில சௌகரியம் இருக்கிறது. மேலே திறந்த முற்றம் உள்ள வீடு என்றால், அதைச் சுற்றின தாழ்வாரத்தின் விளிம்பு, காலை வெயில் விழுந்து பத்து மணிக்குமேல் நிழலாகிவிடும் மேற்குப் பக்கம், கிராப்டோபெட்டலத்துக்கும் எச்சிவேரியாவுக்கும் அதைவிட நல்ல இடம் கிடையாது. மழையும் நேரடியாக அடிக்காது. மொட்டை மாடி வேண்டாம். அங்கே இலையைவிட முதலில் வெந்துபோவது வேர்தான், தொட்டியைத் தொட்டாலே கை சுடும். முகப்புத் திண்ணை ஹாவொர்த்தியாவுக்கும் காஸ்டீரியாவுக்கும் போதும். பட்டாலைக்குள், இரண்டாம் கட்டுக்குள் என்று வீட்டின் உட்பகுதியில் எதுவும் வைக்காதீர்கள், சீட்டில் 'இண்டோர்' என்று போட்டிருந்தாலும். இலைக்கும் இலைக்கும் நடுவே தண்டு தெரிய ஆரம்பித்தால் வெளிச்சம் போதவில்லை. அப்படி நீண்டது திரும்பக் குறுகாது. தலையை வெட்டி மறுபடி நடுவதுதான் வழி. அதற்காக நிழலில் இருந்ததைத் திடீரென்று வெயிலில் தூக்கி வைத்தால் ஒரே நாளில் இலை வெந்து பழுப்புத் தழும்பு விழும், அதுவும் போகாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நகர்த்த வேண்டும். அப்புறம் மயில். எங்கள் தெருவில் மயில் கூட்டமாக வருகிறது, கொழுத்த இலையைப் பார்த்தால் விடுவதில்லை. அதற்கு இன்னும் நல்ல உபாயம் எதுவும் எனக்குச் சிக்கவில்லை.

கடையிலிருந்து இலவசமாக வருகிற இன்னொன்று மாவுப்பூச்சி. வாங்கும் முன் அடுக்கின் இடுக்கில், இலை தண்டோடு சேருகிற இடத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். தொட்டியில் எறும்பு ஊர்ந்தால் பெரும்பாலும் இருக்கும், எறும்புதான் அதைக் காவல் காத்துச் செடிக்குச் செடி கொண்டுபோகும். புதுச் செடியைச் சில வாரம் தனியாக வையுங்கள். மெடிக்கலில் கிடைக்கும் ஸ்பிரிட்டைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் நனைத்து, பூச்சியை மட்டும் தொட்டு எடுத்தால் போதும். அக்கா வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்கிறார். செம்பருத்திக்குச் சரி. எச்சிவேரியாவில் அந்த மெழுகுப் பூச்சு போய்விடும், அடித்த பிறகு வெயில் பட்டால் இலையும் கருகும்.

கொடுக்கிற காசுக்கு எது லாபம் என்று கேட்டால், யோசிக்காமல் கிராப்டோபெட்டலம். இதுவும் மெக்சிகோச் செடிதான், ஆனால் சூட்டை எச்சிவேரியாவைவிட எவ்வளவோ தாங்குகிறது. நல்ல வெயிலில் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகவும், நிழலில் நீலச் சாம்பலாகவும் நிறம் மாறும். இலை கை பட்டாலே உதிர்ந்துவிடும், அதற்காக வருத்தப்பட வேண்டாம், உதிர்ந்த ஒவ்வொன்றும் ஒரு செடி. அடி முழுசாகக் கழன்று வந்த இலையை மட்டும் எடுத்து, நிழலில் காய்ந்த மண் மேல் சும்மா போட்டு வையுங்கள், புதைக்க வேண்டாம். வெட்டுவாய் காய்ந்தபிறகு அங்கிருந்து நூல் மாதிரி இளஞ்சிவப்பு வேர் எட்டிப் பார்க்கும், பின்னாலேயே மிளகளவில் ஒரு குட்டி அடுக்கு. ரணகள்ளி இலையின் விளிம்பில் குட்டி விடுமே, அப்படி இல்லை. இதில் காம்படியில் மட்டும்தான் வரும், அடி பிய்ந்த இலை வீண். தாய் இலை சுருங்கிச் சருகாகிறவரை அதைப் பிடுங்காதீர்கள், குட்டிக்குச் சாப்பாடு அதுதான். ஹாவொர்த்தியா பக்கத்திலேயே கன்று விடும், வேரோடு பிரித்து நட்டால் ஆயிற்று. இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை, திருஷ்டிக்கு நிலைப்படியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழை மண்ணும் இல்லாமல் தண்ணீரும் இல்லாமல் மாதக்கணக்கில் பச்சையாக நிற்பதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம், அதுவும் அடுக்கு இலைச் சக்குலன்ட்தான்.

ஆன்லைன் காம்போவோடு ஒப்பிடச் சொல்லி நண்பர் ஒருவர் கேட்டார். மலைப் பகுதி நர்சரி ஒன்றிலிருந்து ஒரு பெட்டி வரவழைத்தேன், பெயர் வேண்டாம். பேக்கிங் பிரமாதம், மண்ணை உதறி, வேரை டிஷ்யூவில் சுற்றி, ஒவ்வொன்றையும் பேப்பரில் பொதிந்து அனுப்பியிருந்தார்கள். இலை ஒன்றுகூட உடையவில்லை. மண் இல்லாமல் வருவது நல்லதுதான், வேர் எப்படி இருக்கிறது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். வந்ததும் தண்ணீர் ஊற்றாமல், நட்டு, சில நாள் விட்டுப் பிறகு ஊற்ற வேண்டும். சிக்கல் நிறத்தில்தான். படத்தில் ரத்தச் சிவப்பு விளிம்போடு இருந்தது மலைக் குளிரும் வெயிலும் சேர்ந்து கொடுத்த நிறம். நம் ஊருக்கு வந்து புது இலை விட ஆரம்பித்ததும் பச்சையாகிவிட்டது. விற்றவரைக் குறை சொல்ல முடியாது, படம் எடுத்தபோது அது சிவப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அதே பெட்டியில் செம்பர்விவம் ஒன்றைச் சேர்த்து, 'எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது' என்று போட்டிருந்தார்கள் பாருங்கள், அது அநியாயம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மாதிரி மலைகளில் பனிக்கடியில் கிடந்து பிழைக்கிற செடி அது. சிவகங்கைச் சீமை வெயிலில் என்ன செய்யும்? ஏயோனியமும் அப்படித்தான், கேனரித் தீவுப் பக்கத்துச் செடி, கோடையில் தூங்கி வழியும். காரைக்குடியில் இருந்துகொண்டு இவை இரண்டையும் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

பூ விட்டால் செடி செத்துவிடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். செம்பர்விவத்திலும் பெரும்பாலான அகேவிலும் பூத்த அடுக்கு அத்தோடு முடியும், பக்கத்துக் கன்றுகள் தொடரும். எச்சிவேரியா, ஹாவொர்த்தியா, கிராப்டோபெட்டலம் பூத்துவிட்டு அப்படியே இருக்கும். ரயில் பாதையோரம் ஆள் உயரத்துக்கு மேல் பூங்கம்பு விட்டு நிற்கிற ரயில் கற்றாழையை (அதுவும் அகேவ்தான்) பார்த்துவிட்டு, இதுவும் செத்துவிடும் என்று வீட்டுச் செடியின் பூக்காம்பை ஒடித்துப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில தகவல். தை, மாசியில் வாங்குங்கள். மழை முடிந்து, கத்திரிக்கு முன் செடி வேர் பிடிக்க நேரம் கிடைக்கும். கோடையில் எச்சிவேரியாவைப் பாதி விலைக்குத் தள்ளுகிறார்கள், அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். காலையில் போங்கள், மத்தியானம் அக்கா சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார், அண்ணன் கையில் மாட்டிக்கொள்வீர்கள். ஜிபே உண்டு, பில் கிடையாது. செடி செத்தால் மாற்றித் தர மாட்டார்கள், ஆனால் மண் தொட்டி விரிசல் விட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள். கார் நிறுத்த இடம் தாராளம். ஐந்துக்கு மூன்றரை போடுகிறேன். அந்த ஹோஸை மட்டும் பையன் கையிலிருந்து பிடுங்கிவிட்டால் நாலு.